முதலாளியை யார் விசாரிப்பது?

மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரின் வாழ்க்கையை ஒரு சிறு காகிதம் ஆட்டிவைத்தது. அதைத் துண்டு என்பார்கள். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அந்தத் தொகையைக் கட்டுகிறவர் இவரை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோட்டத்துத் துரை இன்னொரு தோட்டத்துத் துரைக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. ஆள் சேர்த்துவரும் கங்காணி அதை மடியில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஆள் மாற்றினார். 1921-இல் இலங்கை அரசு சட்டம் போட்டு அதை ஒழித்தது. தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் இருந்த முகாம்களில் ஆட்களின் உடலைச் சோதித்து, பெயரும் ஊரும் பதிந்துகொண்ட பிறகே கப்பலேற்றினார்கள். தன்னிடம் வரும் ஆளின் கடன், உடல்நிலை, ஊர், குடும்பம் எல்லாம் தோட்டத்துக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்தைப் பற்றி அந்த ஆளுக்குத் தெரிந்ததெல்லாம் கங்காணி வாயிலிருந்து வந்தது.

நூறாண்டு கடந்து இன்று இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ உள்ள ஐடி வளாகத்தில் வேலை கேட்கும் பட்டதாரியைப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், முந்தைய வேலையின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பழைய மேலாளரின் தொலைபேசி எண் என்று எல்லாவற்றையும் ஒப்படைக்கிறார். அவை உண்மைதானா என்று சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் இருக்கின்றன. வேலை தருகிறவரைப் பற்றி அவர் கையில் இருப்பவை இணையதளத்தில் சிரிக்கும் சில முகங்களும், நேர்காணலில் சொல்லப்பட்ட சம்பளத் தொகையும்தான். ஜவுளிக்கடைக்கோ மில்லுக்கோ போகும் பெண்ணுக்கு அந்தப் படம்கூட இல்லை.

விசாரணை இப்படி ஒரு பக்கமாகவே ஓடவேண்டிய கட்டாயம் இப்போது இல்லை என்பது என் வாதம். வேலை தருகிறவரைப் பற்றிய பதிவுகள் பல, அரசு அலுவலகங்களில் எவரும் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றன. அவற்றை வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர்தான் இல்லை. ஆனால் வாசிக்கத் தெரிந்துவிட்டால் மட்டும் எல்லாருக்கும் அது சமமாக உதவிவிடாது. இந்த இரண்டாவது செய்தியை மதுரையைச் சுற்றிய மில்கள்தான் நமக்குக் காட்டுகின்றன. அங்கே பிறகு வருகிறேன்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1962-இல் தொழிலாளர் சந்தையில் தகவலின் பங்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேலை தேடுவதும் செலவுள்ள காரியம், அந்தச் செலவைத் தாங்க முடிகிறவரையில்தான் ஒருவர் தேடுவார் என்பது அதன் சாரம். கையில் பணமில்லாதவர் சீக்கிரம் தேடலை நிறுத்திவிட்டு முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறார். 1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் வேறொன்றைக் கண்டார். நல்ல வேலையைப் பற்றிய செய்தி நெருங்கிய உறவுகளிடமிருந்து வருவதைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்களிடமிருந்து அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் அல்லவா.

மதுரையில் இந்த இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. இங்கே ஆள் எடுப்பதில் பெரும்பகுதி சிறு நிறுவனங்களுடையது. கீழமாசி வீதி மொத்த வியாபாரம், தெற்காவணி மூல வீதி நகைக்கடைகள், விளக்குத்தூண் ஜவுளிக்கடைகள், கோ.புதூர், கப்பலூர் சிட்கோ பட்டறைகள், தனியார் மருத்துவமனைகள், பள்ளிகள். விளம்பரம் குறைவு. சொந்தக்காரர், ஊர்க்காரர், சாதிக்காரர் வழியாகவே ஆள் வருவார், செய்தியும் வரும். உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கும் குடும்பத்துப் பையனுக்கு முதலாளியின் குணம் சேரும் முன்பே தெரிந்துவிடுகிறது. உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி வரும் பெண்ணுக்கு உள்ளே யாரும் இல்லை. பொதுப் பதிவேடு அவளுக்குத்தான் அதிகம் தேவை.

அந்தப் பதிவேடுகளில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்) அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறது. மதுரையில் அதன் அலுவலகம் சொக்கிகுளம் லேடி டோக் கல்லூரிச் சாலையில். இணையதளத்தில் நிறுவனத் தேடல் பகுதிக்குப் போய் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால், அதன் குறியீட்டு எண்ணும் முகவரியும் வரும். அதற்குள் போனால் பணம் கட்டிய விவரம்: எந்த மாதச் சம்பளத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை. கடவுச்சொல் வேண்டாம், கட்டணம் கிடையாது. நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது வேறு, பணம் கட்டி நிரூபித்தது வேறு. இது இரண்டாவது வகை. அதனால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

வாசிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான தொழில்களில் ஊழியர் 12 சதவீதம், முதலாளி 12 சதவீதம், காப்பீட்டுக்கு அரை, நிர்வாகச் செலவுக்கு அரை என்று மொத்தம் 25 சதவீதம் கட்டப்படுகிறது. ஆகவே ஒரு மாதத்துக்குக் கட்டிய தொகையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து நான்கால் பெருக்கினால், பி.எஃப் கணக்கில் காட்டப்பட்ட சராசரிச் சம்பளம் கிடைத்துவிடும். 40 பேருக்கு 1,50,000 ரூபாய் என்றால் தலைக்கு 3,750, அதாவது சம்பளம் 15,000. அதே 40 பேருக்கு 90,000 மட்டும் கட்டியிருந்தால் 9,000. விளம்பரத்தில் 25,000 என்று போட்டிருக்கும் நிறுவனம் 9,000-க்குத்தான் பி.எஃப் கட்டுகிறது என்றால், மீதி எந்தப் பெயரில் வருகிறது, உண்மையிலேயே வருகிறதா என்று கேட்க வேண்டிய இடம் அதுதான்.

தேதியும் பேசும். ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இரண்டாண்டுப் பதிவில் மாதந்தோறும் 13, 14 என்று இருந்தது திடீரென்று அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிப்போனால் அங்கே கையில் காசு இல்லை என்று பொருள். சம்பளம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் முந்தைய படி இது. ஆள் எண்ணிக்கையும் அப்படித்தான். ஜூனில் 62, செப்டம்பரில் 41, நவம்பரில் 66 என்று ஏறி இறங்கினால் ஆட்கள் தங்குவதில்லை. ஒரு மருத்துவமனையில் இருநூறு பேர் வேலை பார்ப்பது கண்ணுக்குத் தெரிகிறது, பதிவில் முப்பது பேர்தான் என்றால் மீதிப் பேர் யார் கணக்கில் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நியாயமான பதிலும் இருக்கலாம். 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முறையாக வேலைக்குச் சேருபவரைத் திட்டத்துக்கு வெளியே வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. தொழில் பழகுநர்கள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். கான்ட்ராக்டில் எடுத்தவர்கள் கான்ட்ராக்டரின் பெயரில் இருப்பார்கள். பல நிறுவனங்கள் சம்பளம் எவ்வளவானாலும் 15,000 என்ற உச்சவரம்புக்கே கட்டுகின்றன, அதுவும் சட்டப்படி சரிதான். எனவே இந்தப் பதிவை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. நேர்காணலில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தீர்மானிக்கப் பயன்படுத்த வேண்டும். "என்னை நிறுவனத்தின் பெயரிலேயே எடுக்கிறீர்களா, கான்ட்ராக்டர் மூலமா?" என்ற ஒரு கேள்விக்கு மனிதவளப் பிரிவு எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிறது என்பதே ஒரு தகவல்.

மற்ற பதிவேடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில், கம்பெனியாகப் பதிவானவை எப்போது தொடங்கின, இயக்குநர்கள் யார், கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தன, சொத்தை அடகு வைத்து எவ்வளவு கடன் வாங்கியிருக்கின்றன என்பது தெரியும். 'இருபது ஆண்டு அனுபவம்' என்று விளம்பரம் செய்யும் கன்சல்டன்சி போன வருடம் பதிவானதாக இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மதுரையின் தனிநபர் கடைகளும் கூட்டாண்மை நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. அவற்றுக்கு ஜி.எஸ்.டி தளம். பில்லில் உள்ள எண்ணைக் கொடுத்தால் பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, மாதக் கணக்குகளை ஒழுங்காகத் தாக்கல் செய்கிறார்களா என்று காட்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் வழக்குகள் வரும். ஊழியர்கள் தொடுத்த வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் கவனியுங்கள். ஒன்றிரண்டு இருப்பது வழக்கமானதுதான்.

இணையத்தில் ஊழியர்கள் எழுதும் மதிப்புரைகள் மதுரை அளவுக்கு அதிகம் உதவுவதில்லை என்பது என் கருத்து. நாடு முழுவதும் கிளை உள்ள நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கில் மதிப்புரை இருக்கும், ஆனால் அவை பெங்களூரையோ புனேயையோ பற்றியவை. உள்ளூர் நிறுவனத்துக்கு ஏழெட்டு இருக்கும். அந்த ஏழெட்டும் ஒரே வாரத்தில் ஒரே நடையில் வந்திருந்தால் ஒதுக்கிவிடலாம்.

கண்ணுக்கு நேரே தெரிகிறவையும் சில உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. 2021-இல் அதில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஜவுளிக்கடைகளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்து நரம்பு சுருண்டு, பாதம் வீங்கிய பெண்களுக்காக வந்த திருத்தம் அது. வேலை கேட்டுப் போகும் கடைக்கு ஒருநாள் முன்னதாக வாடிக்கையாளராகப் போய்ப் பாருங்கள். விற்பனையாளர் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால் யாராவது அதில் உட்கார்ந்திருக்கிறார்களா? அடுத்து, சுவர். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேர் உள்ள எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், அதை அமைத்த உத்தரவு எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத சுவர், அந்த இடம் பெண்களை எப்படி நடத்தும் என்பதைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்கிறது.

மனிதர்களிடம் கேட்பதற்கு ஈடாக எந்தப் பதிவேடும் இல்லை. ஆனால் யாரிடம் கேட்பது என்பதில் நாம் தவறுகிறோம். உள்ளே வேலை பார்ப்பவரிடம் கேட்கிறோம். அவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், நம்மை எவ்வளவு நம்பலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. வேலையை விட்டுப் போனவரிடம் கேட்க வேண்டும், அதுவும் போய் ஆறு மாதம், ஒரு வருடம் ஆனவராக இருந்தால் கோபமும் தணிந்திருக்கும். ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலுக்கு எதிரிலுள்ள டீக்கடையில் நின்றால், மாலை ஆறு மணி என்று சொன்ன ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும். நேர்காணலிலேயே கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி, "இந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்?" என்பதுதான். பதிலைவிட, பதில் சொல்லும் முன் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்பதில் விஷயம் இருக்கும்.

குறிப்பிட்ட காலத்துக்குள் விலகமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது, கையெழுத்துப் போடு" என்று நண்பர்கள் சொல்வது மதுரையில் பொதுவாகக் காதில் விழும் அறிவுரை. அது அப்படியே உண்மை இல்லை. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அந்த வேலை மேலாளர் நிலை, முதலாளி பொதுத்துறை வங்கி என்ற பின்னணி முக்கியம்தான். ஆனாலும் தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு, நிறுவனமே வெளியே அனுப்பினால் என்னவாகும் என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றால் விலகிவிடுவது நல்லது. கல்விச் சான்றிதழ் பிடித்துவைத்துக்கொள்ளும் விற்பனைச் சரக்கு அல்ல என்று, கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரிய பெயர் மட்டுமே காப்பாகவும் ஆகாது. 2022-இல் பெரிய ஐடி நிறுவனங்கள் வளாகத்திலேயே தேர்வு செய்த பட்டதாரிகளில் பலர், கையில் கடிதத்தோடு 2024 வரை காத்துக் கிடந்தார்கள்.

வெளிநாட்டு வேலை தனிக் கட்டுரைக்குரியது, அதனால் தேவையானதை மட்டும் சொல்கிறேன். குடிபெயர்வுச் சட்டம் 1983-இன் கீழ் பதிவு பெற்ற முகவரின் பெயர் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டியும், அதற்கு மேல் இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று சுற்றுலா விசாவில் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி செய்ய அடைத்துவைத்த கொடுமை 2022-இல் வெளிவந்தது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லும் முகவரைப் பற்றி அதற்கு மேல் விசாரிக்க எதுவும் இல்லை.

இனி மில்கள். இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே அவைதான்.

மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் கிராமங்களிலிருந்து நூற்பாலைகளுக்குப் போன இளம்பெண்கள் பலர், சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்ற பெயர்களில்தான் போனார்கள். மூன்றாண்டு மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் ஒரு மொத்தத் தொகை, அது கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது ஒப்பந்தம். இடையில் விலகினால் மொத்தத் தொகை கிடையாது. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு நிறுவனமும் நெதர்லாந்து இந்தியக் குழுவும் 2011 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, நீண்ட வேலை நேரம், வெளியே போகவும் தொலைபேசியில் பேசவும் இருந்த கட்டுப்பாடு, முடிவில் கிடைக்காத பணம் என எல்லாவற்றையும் பதிவு செய்தது.

அந்தப் பெண்களின் பெற்றோர் ஏன் விசாரிக்கவில்லை? விசாரித்தார்கள். தரகரிடம் விசாரித்தார்கள். ஆள் ஒன்றுக்கு மில்லிடம் கமிஷன் வாங்கும் தரகர் பெரும்பாலும் நம்ம ஊர் ஆளாகவே இருந்தார், சில சமயம் சொந்தக்காரராகவும். கங்காணி முறை எந்த நம்பிக்கையில் நடந்ததோ அதே நம்பிக்கையில்தான் இதுவும் நடந்தது. உண்மை தெரிந்த பெண்கள் விடுதிச் சுவருக்குள் இருந்தார்கள். பாதியில் திரும்பி வந்தவர்களோ, பணத்தையும் இழந்து, 'முடிக்காமல் வந்துவிட்டாள்' என்ற பேச்சுக்கும் ஆளாகி வாயைத் திறக்கவில்லை. விட்டுவந்தவரிடம் கேளுங்கள் என்று மேலே எழுதினேன். விட்டுவந்ததே அவமானமாகிவிட்ட ஊரில் அந்த வழி அடைந்துபோகிறது. பி.எஃப் தளத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்திருந்தாலும், தொழில் பழகுநர் என்ற பெயரில் வைக்கப்பட்டவர்களை அந்தப் பட்டியல் காட்டியிருக்காது.

தகவல் இல்லாமல் போய்விடவில்லை, அது வேறு திசையில் பயணம் செய்தது என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்து நாச்சி அப்பேரல் என்ற ஆடைத் தொழிற்சாலையின் கதை சொல்கிறது. அங்கே வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்கள் தலைமை தாங்கும் சங்கம் அதைக் கையிலெடுத்தது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும், தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸும், ஆசிய அடித்தளக் கூலிக் கூட்டணியும் ஓர் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பும், ஸ்டாக்ஹோமிலிருந்து ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்திட, திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்தத் தொழிற்சாலைச் சரக்குக்குத் தடை போட்டு, செப்டம்பரில் நீக்கியது.

இந்த வரிசையில் ஒரு விஷயம் என்னை விடாமல் உறுத்துகிறது. ஏற்றுமதி ஆலைகளில் சமூகத் தணிக்கை என்று ஒன்று நடக்கிறது. வேலை நேரம், விடுதி, சம்பளம், துன்புறுத்தல் எல்லாவற்றையும் பார்த்துத் தணிக்கையாளர் அறிக்கை தருகிறார். அறிக்கை சட்டையை வாங்குகிறவருக்குப் போகிறது. அந்த ஆலையில் மூன்றாண்டு வாழப் போகிற பெண்ணுக்கு அதில் ஒரு பக்கமும் காட்டப்படுவதில்லை. சரக்கு வாங்க ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஆலையைப் பற்றி அறிந்ததில் பத்தில் ஒரு பங்கு வடமதுரையிலுள்ள ஒரு தகப்பனுக்குத் தெரிந்திருந்தால், மகளை அனுப்பும் முன் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்.

திண்டுக்கல் ஒப்பந்தத்தின் முக்கியத்துவம் அதனால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தையல் வரிசைகளில் சங்கத்திடம் பயிற்சி பெற்ற பெண்களே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள், புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது எழுத்தில் வந்தது. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வதும் வெளியே சொல்வதும் தனி ஒரு பெண்ணின் துணிச்சலைச் சார்ந்திருக்கவில்லை. அப்படி ஒரு சங்கம் இருக்கிறதா என்பதே மில் வேலைக்குப் போகிற பெண்ணின் வீட்டார் கேட்கவேண்டிய முதல் கேள்வி. எந்த வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தைக்கிறார்கள் என்பது இரண்டாவது. எச் அண்ட் எம் 2013 முதல் தன் சப்ளையர் பட்டியலை வெளியிடுகிறது, வேறு பல நிறுவனங்களும் இப்போது வெளியிடுகின்றன. ஆலையின் பெயர் அதில் இருந்தால், புகார் சொல்ல ஊருக்கு வெளியிலும் ஓர் இடம் உண்டு.

வேலை தருகிறவரை விசாரிக்கும் இந்த முறையைப் படித்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகள் இருக்கின்றன. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று அவை விளம்பரப் பலகை வைக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் அங்கேயே இருக்கிறார்கள், விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டு மாணவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

படிக்காத பிள்ளைகளுக்கு அரசுதான் செய்ய வேண்டும். கோ.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகிறது. நிறுவனங்கள் மேசை போட்டு உட்கார்கின்றன, மேசைக்குப் பின்னால் வேலையின் பெயரும் சம்பளமும் எழுதிய தாள் தொங்குகிறது. அந்தத் தாளில் இன்னும் நான்கு வரி சேர்க்கலாம். நிறுவனத்தின் பி.எஃப் எண், போன மாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டப்பட்டது, நேரடி வேலையா கான்ட்ராக்டா, உள்புகார்க் குழு இருக்கிறதா. தொழிலாளர் துறையும் வைப்பு நிதி அலுவலகமும் இந்த விவரங்களைக் கேட்டுப் பெற அதிகாரம் உள்ளவை, பாதி விவரம் ஏற்கெனவே அவற்றின் கணினியில் இருக்கிறது. நியமனக் கடிதத்தை எல்லாத் தொழிலாளருக்கும் கட்டாயமாக்கிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கும் இந்த நேரத்தில், அந்த நான்கு வரியை நிரப்ப மறுக்கும் நிறுவனத்துக்கு அரசு முகாமில் மேசை தரவேண்டியதில்லை.